பழைய துறைமுகமும் பாரம்பரிய வீடும்: ஒரு நாள் ஒளிப்படப் பணிக்கான முழுமையான வழிகாட்டி

பழைய துறைமுகத்தையும் அதன் கரையில் நிற்கும் பாரம்பரிய வீட்டையும் ஒரே நாளில் படமெடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அவற்றை இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். காலையில் படகுகள், நண்பகலில் வீடு, மாலையில் சூரியன் மறைவது என்று நாள் ஓடிவிடும். வீடு திரும்பிப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டாத இரண்டு படத்தொகுப்புகள் மிஞ்சும். ஆனால் அந்த வீடு அந்த இடத்தில் எழுந்ததற்குக் காரணமே துறைமுகம்தான். கப்பல் சரக்கில் ஈட்டிய பணம்தான் அதன் சுவராகவும் மாடிப்படியாகவும் நிற்கிறது. எந்தக் கப்பல் வந்து நிற்கிறது என்று பார்க்கத் தோதாகத்தான் அதன் மேல்மாடிச் சன்னல்கள் நீரை நோக்கித் திறக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு இலக்கை நடுவில் வைத்துக்கொள்கிறது. துறையில் நின்று வீட்டின் சன்னலை எடுத்த படம் ஒன்று, அதே சன்னலில் நின்று துறையை எடுத்த படம் ஒன்று. இந்த இணை கிடைக்கும்படி நாளை வகுத்துக்கொண்டால், மற்ற படங்களுக்கு உரிய நேரமும் இடமும் தெளிவாகிவிடும்.

சன்னலைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா ஒளிப்படத்தை, 1826 அல்லது 1827 வாக்கில் பிரான்சின் நிசெஃபோர் நியெப்ஸ் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்துதான் எடுத்தார். பல மணி நேரம் ஒளி விழ வேண்டியிருந்ததால், முற்றத்தின் இரு பக்கக் கட்டடங்களிலும் வெயில் பட்டது போல அந்தப் படம் தெரிகிறது. எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவும், 1835 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லேகாக் ஆபி மாளிகைக்குள் நின்று வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் எடுத்த ஒரு சன்னலின் படமே.

முதல் படி: வெயிலையும் ஓதத்தையும் முந்தைய நாளே கணக்கிடுதல்

கடற்கரைத் துறைமுகத்தில் ஒளிப்படக்காரரின் நேரத்தை இரண்டு கடிகாரங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று சூரியன், மற்றொன்று ஓதம், அதாவது கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும். முதலாவதைப் பார்க்க எல்லோருக்கும் தெரியும், இரண்டாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருக்கிறேன். விடியற்காலையில் வண்ணப் படகுகள் நீரில் மிதப்பதைக் கற்பனை செய்துகொண்டு ஒரு துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, நீர் முழுவதும் வற்றி, படகுகள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன. அதுவும் நல்ல காட்சிதான், ஆனால் அதற்கேற்ற லென்ஸும் காலணியும் என்னிடம் இல்லை.

பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் ஏற்றம் வரும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வற்றும். நீர் ஒரே சீராக ஏறுவதும் இல்லை. வற்று நிலையிலிருந்து ஏற்றம் வரையிலான சுமார் ஆறு மணி நேரத்தில், மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், மணிக்கு முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு என்று ஏறுவதாகக் கடலோடிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் 4 மீட்டர் வேறுபாடு உள்ள துறையில், நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 2 மீட்டர் நீர் ஏறிவிடும் என்பது இதன் பொருள். அந்த இடைவெளியில் படகின் தளம், வடத்தின் சாய்வு, படிக்கட்டில் தெரியும் படிகளின் எண்ணிக்கை எல்லாமே மாறிவிடும். காலையில் அமைத்த காட்சி சட்டகத்தை ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்க முடியாது.

எல்லாத் துறையும் இப்படி அல்ல. கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் வேறுபாடு 16 மீட்டர் வரை போகிறது. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அது கண்ணுக்கே தெரியாத அளவு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1809-இல் மதகுகள் அமைத்து நீரைத் தேக்கிவிட்டதால் உள்துறையில் படகுகள் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கின்றன. நீங்கள் போகும் துறை எந்த வகை என்பதை ஓத அட்டவணையில் முதலில் பார்த்துவிடுங்கள்.

சூரியனைப் பொறுத்தவரை, வீட்டின் முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று வரைபடத்தில் கண்டுகொள்வதே முக்கியம். கிழக்குப் பார்த்த முகப்புக்குக் காலையிலும் மேற்குப் பார்த்த முகப்புக்கு மாலையிலும் நேர் வெயில் கிடைக்கும். ஆனால் நேர் வெயிலைவிடப் பயனுள்ளது, வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் அந்த அரை மணி நேரம். அப்போது சுண்ணச் சாந்தின் மேடுபள்ளம், செங்கல்லின் விளிம்பு, மரச் செதுக்கு வேலை எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். வானில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால் இந்த நிலை நீடிப்பதில்லை. அந்த அரை மணி நேரத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, மற்ற வேலைகளை அதற்கு முன்னும் பின்னும் நிரப்புங்கள்.

இரண்டாம் படி: அனுமதி

இயங்கும் துறைமுகத்தில் வேலியும் காவலும் இருப்பதற்குப் பின்னணி உண்டு. கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான பன்னாட்டுப் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சரக்குக் கப்பல் நிற்கும் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவதும் படமெடுப்பதும் சிக்கலில் முடியும். கடற்படை, சுங்கப் பகுதிகளுக்கும் இதுவே பொருந்தும். பழைய துறையின் பொதுவழியிலேயே நில்லுங்கள். வீட்டைப் பொறுத்தவரை முன்கூட்டியே கேட்க வேண்டியவை நான்கு: உள்ளே படமெடுக்கலாமா, முக்காலி வைக்கலாமா, ஃபிளாஷ் உண்டா, எத்தனை மணிக்கு மூடுவார்கள். கடைசிக் கேள்வியின் பதில்தான் இந்த நாளின் வடிவத்தைத் தீர்மானிக்கும்.

மூன்றாம் படி: கருவிகள்

முழு அளவு சென்சார் கணக்கில் 24 மி.மீ. அகலக்கோண லென்ஸ் ஒன்று, 200 மி.மீ. வரை போகும் ஜூம் ஒன்று, முக்காலி, போலரைசர் ஃபில்டர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் சுழல்கண்ணாடி), உப்புத்துளி துடைக்க இரண்டு மூன்று மென்துணிகள் ஆகியவை போதும். கைப்பேசி மட்டும் இருந்தாலும் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி பொருந்தும். முதன்மை லென்ஸையே பயன்படுத்தி, திரையில் அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டிக்கொள்ளப் பழகுங்கள். ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுங்கள். பிற்பகலில் வீட்டுக்குள் இதன் அவசியம் புரியும்.

நான்காம் படி: விடியலுக்கு முன் துறையில்

சூரியன் எழுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே துறைமேடையில் இருக்க வேண்டும். நிலம் சூடேறிய பிறகே கடற்காற்று எழும் என்பதால், நீர் கண்ணாடி போல் கிடக்கும் நேரம் பெரும்பாலும் இதுதான். பிரதிபலிப்பை எடுக்க விரும்பினால் கேமராவைத் தாழ்வாக, நீருக்கு அருகில் கொண்டுபோங்கள்; நின்ற உயரத்திலிருந்து பார்க்கும்போது படகின் அடிப்பாகத்தில் மறைந்துபோகும் பிம்பம், குந்தி அமர்ந்தால் முழுமையாக விரியும். இந்த நேரத்தில் போலரைசரைக் கழற்றிவிடுங்கள். நீர்ப்பரப்பை ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அந்த ஃபில்டர் பிரதிபலிப்பை அநேகமாக முழுவதும் அழித்துவிடும். நீருக்கடியில் கிடக்கும் பழைய நங்கூரத்தையோ பாசி படர்ந்த கல்லையோ காட்டுவதற்கு அது மிக நல்லது, பிரதிபலிப்புப் படத்துக்கு நேர் எதிரி.

வானம் பிரகாசமாகவும் நீர் இருண்டும் இருக்கும் என்பதால் ஒளியளவு இங்கே முதல் தொல்லை தரும். 1850-களில் குஸ்தாவ் ல கிரே என்ற பிரெஞ்சு ஒளிப்படக்காரர் இதே தொல்லைக்கு, வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தீர்வு கண்டார். இன்று கேமராவே இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) இடைவெளியில் மூன்று படங்களை அடுத்தடுத்து எடுத்துத் தந்துவிடும். ஆனால் மிதக்கும் படகு மூன்று படங்களிலும் மூன்று இடத்தில் இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். படகு பெரிதாகத் தெரியும் காட்சியில் ஒரே படமாக, வானம் வெளுத்துப்போகாத அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுத்து, பிறகு இருண்ட பகுதியைத் தூக்குவதே நல்லது.

நீர் பாலாகத் தெரியும் நெடுநேரப் படங்களை விரும்புகிறவர்கள் பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டரை, அதாவது ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கொண்டுவருவார்கள். அது ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காக்கும். 1/60 நொடி தேவைப்பட்ட இடத்தில் 16 அல்லது 17 நொடி ஆகும். கல் மேடை, மரத்தூண், கலங்கரை விளக்கம் போன்ற அசையாதவை மட்டும் இருக்கும் காட்சிக்கே இது பொருந்தும். பாய்மரங்கள் நிறைந்த துறையில் இதைச் செய்தால் ஒவ்வொரு மரமும் பேயுருவாகிவிடும். முக்காலியைக் கல்லின் மேல் வையுங்கள். மிதவை மேடையில் வைத்தால் முக்காலியும் படகோடு சேர்ந்து ஆடும்.

ஐந்தாம் படி: வெயில் ஏறும்வரை, அருகில் போய்ப் பார்த்தல்

பொன்னிற ஒளி என்று எல்லோரும் சொல்வது சூரியன் தொடுவானத்துக்கு மேல் சுமார் 6 பாகைக்குள் இருக்கும் நேரம். அகலக் காட்சிகளை எடுத்து முடித்ததும் இந்த நேரத்தின் மிச்சத்தைச் சின்னப் பொருட்களுக்குக் கொடுங்கள். என்னைக் கேட்டால், பழைய துறைமுகத்தின் வயதைச் சொல்வது அதன் அகலக் காட்சி அல்ல. வடம் உரசிய தடம்தான். துறைமேடையின் விளிம்புக் கல்லிலும், கப்பலைக் கட்டும் இரும்புக் குற்றியின் கழுத்திலும், பல தலைமுறை வடங்கள் இழுபட்டு அறுத்த வாய்க்கால்கள் விரல் நுழையும் ஆழத்துக்குக்கூட இருக்கும். பக்கவாட்டு வெயிலில் கேமராவைக் குற்றியின் உயரத்துக்கு இறக்கி, லென்ஸின் துளையை எஃப்/8 அளவில் வைத்து, அந்தத் தடத்தின் மேல் குவியம் வைத்து எடுத்துப் பாருங்கள். துருவின் செதில், அதில் சிக்கிய ஒரு நார், பின்னால் மங்கலாகப் படகு, அவ்வளவு போதும். சில பழைய துறைகளில் இந்தக் குற்றிகள் உண்மையில் காலாவதியான பீரங்கிகள். வாய் மேலே வரும்படி பாதி புதைக்கப்பட்டிருக்கும். குற்றியின் வடிவத்தைக் கூர்ந்து பார்த்தால் அடையாளம் தெரியும்.

மிதக்கும் படகுகளைக் கூர்மையாக எடுக்க 1/125 நொடியோ அதைவிட விரைவான ஷட்டர் வேகமோ வேண்டும். நீர் வற்றிய பிறகு தெரியும் படிக்கட்டுகளில் இறங்க ஆசை வரும். பச்சை படிந்த படிகள் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ஓதம் ஏறத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டின் முகப்பு

வீட்டை எடுக்கும் படங்களில் அடிக்கடி நேரும் பிழை, கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பது. சாய்த்த உடனே சுவர்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, வீடு பின்னால் விழப்போவதுபோல் தெரியும். கேமராவை மட்டமாகப் பிடித்தால் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாகவே இருக்கும். கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும்? 24 மி.மீ. லென்ஸை உயரவாக்கில் பிடித்தால், ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் கேமரா மட்டத்துக்கு மேலே 0.75 மீட்டர் உயரம் சட்டகத்தில் அடங்கும். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க, 12 மீட்டர் உயர வீட்டின் உச்சியைத் தொட 14 மீட்டர் பின்னால் போனால் போதும். கூரைக்கு மேல் கொஞ்சம் வானமும் வேண்டுமென்றால் 17 மீட்டராவது வேண்டும். இப்படி எடுக்கும்போது கீழ்ப்பாதியில் தேவையற்ற தரை நிறைய வரும். அதைப் பின்னர் வெட்டிவிடலாம். தெரு குறுகலாக இருந்து அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால், எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியிலோ உயர்ந்த படியிலோ ஏறி, வீட்டின் நடு உயரத்துக்கு நிகராகக் கேமராவைக் கொண்டுபோவது மென்பொருளில் நிமிர்த்துவதைவிட மேலானது. மென்பொருள் நிமிர்த்தும்போது மேல்பகுதியை இழுத்து நீட்டுவதால் உச்சிச் சன்னல்கள் பருத்துத் தெரியும்.

வானத்தை ஆழ்ந்த நீலமாக்கப் போலரைசரை இங்கே மாட்டலாம். ஆனால் அகலக்கோண லென்ஸில் எச்சரிக்கை தேவை. சூரியனுக்கு 90 பாகை விலகிய வானப்பட்டையே மிகுதியாகக் கறுக்கும் என்பதால், வீட்டுக்கு மேலே வானம் ஒரு பக்கம் கறுத்தும் மறுபக்கம் வெளுத்தும் போய்விடும்.

ஏழாம் படி: நண்பகலில் வீட்டுக்குள்

வெளியே வெயில் தட்டையாகிப்போன நேரத்தில் உள்ளே நுழைவதே இந்தத் திட்டத்தின் வசதி. பழைய துணி, நீர்வண்ண ஓவியம், கையெழுத்துப் படி போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) மேல் ஒளி படக்கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் வழக்கமான வரம்பு. கண்ணுக்கு அது வெறும் மங்கல்; கேமராவுக்கு அது ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 1600, எஃப்/4 வைத்தாலும் 1/20 நொடி கேட்கும் ஒளி. முக்காலிக்கு அனுமதி இல்லையென்றால் கதவு நிலையில் தோளைச் சாய்த்து, மூச்சை வெளியே விட்டுப் பாதியில் நிறுத்தி, தொடர்ச்சியாக நான்கைந்து படம் எடுங்கள். அவற்றில் ஒன்றாவது அசையாமல் வரும். ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றத் தயங்க வேண்டாம், நடுங்கிய படத்தைவிடப் புள்ளிகள் தெரியும் படம் எவ்வளவோ மேல்.

எல்இடி, குழல் விளக்குகளின் கீழ் ஓசையில்லா ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழக்கூடும். மின்சாரத்தின் அலைவெண் 50 ஆக உள்ள நாடுகளில் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறையும், 60 ஆக உள்ள நாடுகளில் 120 முறையும் துடிப்பதே காரணம். முதல் வகை நாடுகளில் 1/50, இரண்டாம் வகையில் 1/60 நொடி வைத்தால் கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடும். சன்னல் வெளிச்சமும் மஞ்சள் விளக்கும் கலந்த அறையில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) ஏதோ ஒன்றுக்குத்தான் சரியாக இருக்கும். முடிந்தால் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்த பழைய அறைக்கு ஈடு கிடையாது.

கைப்பிடிச் சுவரின் மெருகு, நடுவில் தேய்ந்த மாடிப்படி, சன்னல் கண்ணாடியின் நெளிவு ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். ஊதித் தயாரித்த பழைய கண்ணாடி முழுச் சமதளமாக இராது; தலையை இப்படியும் அப்படியும் அசைத்தால் வெளியே தெரியும் பாய்மரங்கள் அதில் வளைந்து நெளியும். பிற்காலத்தில் மாற்றிய கண்ணாடியில் அந்த நெளிவு இருக்காது. எது பழையது என்று படத்திலேயே காட்டக்கூடிய அரிய சான்று அது.

எட்டாம் படி: சன்னல் இணை

உள்ளிருந்து எடுக்கும் படமே இந்த நாளின் கடினமான படம். வெயில் பட்ட துறைக்கும் நிழலான அறைக்கும் எட்டு ஸ்டாப் அளவு வேறுபாடு சாதாரணமாக இருக்கும். மேகம் மூடிய நாளில் இது மூன்று ஸ்டாப் வரை குறைந்து வேலை எளிதாகும். வெயில் நாளில் அடைப்புநேரத்துக்குச் சற்று முன், வெளியே ஒளி மங்கத் தொடங்கியதும் எடுங்கள். வெளிக்காட்சிக்கு ஒன்று, சன்னல் நிலைக்கு ஒன்று, அறைக்கு ஒன்று என மூன்று ஒளியளவில் எடுத்துப் பின்னர் இணைக்கலாம். இணைக்கும்போது வெளியை அறையைவிடக் கொஞ்சம் பிரகாசமாகவே விடுங்கள். இரண்டும் ஒரே அளவில் தெரிந்தால் சுவரில் மாட்டிய அச்சுப்படம் போலாகிவிடும். சன்னல் நிலையின் ஓர் ஓரத்தையாவது சட்டகத்துக்குள் வையுங்கள். அது இல்லாவிட்டால் எங்கிருந்து பார்த்தீர்கள் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது.

வெளியே போகுமுன், அந்த அறை விளக்கை அந்தி வரை எரியவிட முடியுமா என்று காப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை கேட்டபோது, பூட்டும் நேரம் என்று முதலில் மறுத்தவர், துறையில் நின்று எடுக்கப்போகும் படத்தை விளக்கிச் சொன்னதும் இருபது நிமிடம் காத்திருந்து அணைத்தார். பகலில் வெளியிலிருந்து சன்னல் கண்ணாடி வானத்தைத்தான் காட்டும்; உள்ளே விளக்கு எரிந்து வெளியே இருண்டால்தான் சன்னல் சன்னலாகத் தெரியும்.

குளிரூட்டிய அறையிலிருந்து ஈரமான கடற்காற்றுக்கு வந்ததும் லென்ஸில் பனி படரும். துடைக்காதீர்கள், மீண்டும் படரும். உள்ளே இருக்கும்போதே கேமராவைப் பைக்குள் வைத்து மூடிக்கொண்டு வெளியே வந்து, அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள்.

ஒன்பதாம் படி: அந்தியில் மறுபடியும் துறையில்

துறையின் எதிர்க்கரையில் இடம் பிடியுங்கள். 100 மீட்டர் தொலைவில் உள்ள வீட்டைச் சுற்றி 18 மீட்டர் அகலம் சட்டகத்தை நிரப்ப 200 மி.மீ. தேவைப்படும். தொலைவிலிருந்து எடுப்பதால் முன்னிற்கும் பாய்மரங்களும் வீடும் நெருங்கி வந்து ஒட்டிக்கொண்டாற்போல் தெரியும். நமக்கு வேண்டியதும் அதுவே. ஒரு பாய்மரம் அந்தச் சன்னலின் குறுக்கே விழாதபடி இரண்டு அடி இடமோ வலமோ நகர்ந்து பாருங்கள்.

சூரியன் மறைந்து தொடுவானத்துக்குக் கீழே 4 முதல் 6 பாகை வரை இறங்கும் நேரத்தில் வானத்தின் நீலமும் விளக்கின் மஞ்சளும் சமநிலைக்கு வரும். அது பல இடங்களில் பத்துப் பதினைந்து நிமிடமே நிற்கும். சிலநிமிடத்துக்கு ஒருமுறை ஒளியளவைச் சரிபாருங்கள். எஃப்/11 வைத்தால் தெருவிளக்குகள் நட்சத்திரமாக விரியும். லென்ஸின் இதழ்கள் இரட்டைப்படை எண்ணிக்கையில் இருந்தால் அதே எண்ணிக்கையில் கதிர்கள், ஒற்றைப்படையில் இருந்தால் அதன் இருமடங்கு. காட்சியில் கலங்கரை விளக்கமும் இருந்தால் அதன் ஒளி எத்தனை நொடிக்கு ஒருமுறை சுற்றி வருகிறது என்று எண்ணிக்கொண்டு, ஷட்டரை அதைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் திறந்துவையுங்கள். அப்போதுதான் ஒளி கட்டாயம் ஒருமுறையாவது படத்தில் விழும்.

பத்தாம் படி: அன்றிரவே

படங்களை இரண்டு இடங்களில் படியெடுத்த பிறகே அட்டையைத் துடையுங்கள். சன்னல் இணையின் இரு படங்களுக்கும் தேதி, நேரம், அப்போது நீர் ஏறிக்கொண்டிருந்ததா வற்றிக்கொண்டிருந்ததா, கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்பதைக் குறிப்பாக எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது இந்த நான்கு வரிதான் உதவும். முக்காலியின் கால்களை முழுதும் நீட்டி நன்னீரில் கழுவி, பூட்டுமரைகளைத் தளர்த்திய நிலையிலேயே நிழலில் காயவிடுங்கள். இறுக்கி வைத்தால் உள்ளே தங்கிய உப்பு ஒரு வாரத்தில் மரையைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும்.